இங்க தான் வெயில் அடிக்குதே!

மதியம் ரெண்டே முக்கால் இருக்கும். மலையடிவாரத்து ஓடை, நடுவுல யானை படுத்திருக்குற மாதிரி ஒரு பாறை, அது மேலயும் சுத்தியும் நாங்க எட்டு பேர், அண்ணன் குடும்பம், அக்கா குடும்பம், அப்புறம் நான். தண்ணி கணுக்கால் அளவு தான், அடியில கிடக்குற கூழாங்கல்லை ஒன்னொன்னா எண்ணிடலாம், அவ்வளவு தெளிவு. அக்கா பையன் கல்லை அடுக்கி குட்டியா ஒரு அணை கட்டிட்டு இருந்தான். அப்போ தான் போன் அதிர்ந்துச்சு, "மலைப்பகுதிகளில் ஓரிரு இடங்களில் மிக கனமழை, ஆறு மற்றும் ஓடைகளில் திடீர் வெள்ளப்பெருக்கு ஏற்பட வாய்ப்பு"ன்னு ஒரு எச்சரிக்கை. நான் சத்தமா படிச்சேன். அக்கா வீட்டுக்காரர், நாங்க மாமான்னு கூப்பிடுவோம், அண்ணாந்து பார்த்துட்டு "இங்க தான் வெயில் அடிக்குதேம்மா, அது வேற எங்கயாவது இருக்கும்"னார். எனக்கும் அது சரின்னு தான் பட்டுச்சு, போனை பைக்குள்ள போட்டுட்டேன்.

அரைமணி நேரம் கூட ஆகலை. "சித்தி, என் அணை அழுக்காயிடுச்சு"ன்னு பையன் கத்துறான். எட்டிப் பார்த்தா கல்லு எதுவும் தெரியலை, யாரோ மேல செம்மண் கரைச்சு விட்ட மாதிரி தண்ணி கலங்கி வருது. காய்ஞ்ச இலையும் சுள்ளியும் கொத்து கொத்தா மிதந்து வருது, அதுவரைக்கும் அப்படி எதுவும் வரலை. அப்புறம் ஈர மண் வாசனை, அடிக்கிற வெயில்ல ஈர மண் வாசனை. கடைசியா அந்த சத்தம், லாரி ஒன்னு மேட்டுல முக்கிக்கிட்டு ஏறுமே, அந்த மாதிரி மேல இருந்து விடாம ஒரு உறுமல். அண்ணன் தான் முதல்ல எழுந்தான். "எல்லாத்தையும் விடுங்க, மேல ஏறுங்க, மேல"ன்னு ஒரே கத்து. கரைக்கு ஓடுறோம்னு தண்ணியோட போக்குல கீழ ஓடாம, பக்கத்துச் சரிவுல கையும் காலுமா ஏறுனோம், பையனை மாமா தோள்ல போட்டுக்கிட்டார். மேல போய் திரும்பிப் பார்த்தா நாங்க உக்காந்திருந்த பாறையைக் காணோம். என் பையையும் காணோம், அந்த எச்சரிக்கை வந்த போனும் அதுக்குள்ள தான் இருந்துச்சு.

அன்னைக்கு சாயங்காலம் வரைக்கும் எங்க மேல ஒரு சொட்டு மழை விழலை. இதை நான் கிடைக்குற ஆள்கிட்ட எல்லாம் சொல்லிட்டு இருக்கேன், இப்ப உங்ககிட்டயும் சொல்றேன்.

மாமாவைக் குறை சொல்றதுக்காக இதை எழுதலை. அவர் வாய்விட்டு சொன்னதை நான் மனசுல நினைச்சேன், அவ்வளவு தான் வித்தியாசம். மழை வருமான்னு கேட்டா அண்ணாந்து பார்க்குறது நம்ம உடம்புல ஊறின பழக்கம், துணி காயப்போடலாமா, குடை எடுக்கணுமான்னு முடிவு பண்ண அது போதும். காட்டாற்று வெள்ளத்துக்கு அது போதாது. அந்த தண்ணி நம்ம தலைக்கு மேல இருந்து வர்றதில்லை, நம்ம கண்ணுக்கு எட்டாத ஒரு மேட்டுல இருந்து வருது.

அந்த எச்சரிக்கையில இருந்த "ஓரிரு இடங்களில்"ங்கிற வார்த்தையைப் பத்தி கொஞ்சம் சொல்லணும். அதைக் கேட்டா நமக்கு என்ன தோணும்? பெருசா ஒன்னும் இல்லை, எங்கயோ ஒரு மூலையில பெய்யும்னு தோணும். இந்திய வானிலை ஆய்வு மையத்தோட கணக்குல அது மழை எத்தனை இடத்துல பெய்யும்னு சொல்ற அளவு, அந்தப் பகுதியில இருக்குற நிலையங்கள்ல 25 சதவீதம் வரைக்கும் மழை பதிவானா "ஓரிரு இடங்கள்". எவ்வளவு கொட்டும்ங்கிறது தனி, அதுக்குத் தான் கனமழை, மிக கனமழைன்னு சொல்றாங்க, 24 மணி நேரத்துல 115.6 மில்லிமீட்டரைத் தாண்டினா மிக கனமழை, 204.4-ஐயும் தாண்டினா அதி கனமழை. இப்போ ரெண்டையும் சேர்த்துப் படிங்க, "ஓரிரு இடங்களில் மிக கனமழை". திடீர் வெள்ளம் உருவாகறதுக்கு வேண்டியதே இது தானே, பரவலா தூறுற மழை இல்லை, ஒரே மலைச்சரிவுல நின்னு கொட்டுற மழை. நாம சாதாரணமா தாண்டிப் போற வார்த்தையில தான் ஆபத்து இருக்கு.

ஒரு கணக்கு போட்டுப் பார்த்தேன். 1 சதுர மீட்டர்ல 1 மில்லிமீட்டர் மழைன்னா 1 லிட்டர் தண்ணி. 1 சதுர கிலோமீட்டர்ல 100 மில்லிமீட்டர் பெய்ஞ்சா 10 கோடி லிட்டர். ஓடைக்கு மேல 20 சதுர கிலோமீட்டர் நீர்ப்பிடிப்பு இருக்குன்னு வெச்சுக்கோங்க, சின்ன ஓடைக்கே அவ்வளவு இருக்கும், அப்போ 200 கோடி லிட்டர், எடையில 20 லட்சம் டன். பாதி மண்ணுக்குள்ள இறங்கிடுச்சுன்னே வெச்சாலும் மீதி 10 லட்சம் டன், பாறைச்சரிவா இருந்தா பாதி கூட இறங்காது, அத்தனையும் கணுக்கால் அளவு தண்ணி ஓடுற ஒரு இடுக்கு வழியா சில மணி நேரத்துல கீழ இறங்கியாகணும். பின்னாடி வர்ற ஆழமான தண்ணி வேகமா வந்து முன்னாடி போற தண்ணியைப் பிடிச்சுடும், நடுவுல மரமும் பாறையும் அடைச்சு அடைச்சு உடையும், அதனால தான் பல இடங்கள்ல அது கொஞ்சம் கொஞ்சமா ஏறாம சுவர் மாதிரி வந்து நிக்குது.

1997 ஆகஸ்ட் 12-ல அமெரிக்காவோட அரிசோனா மாநிலத்துல ஆன்டிலோப் கேன்யன்ங்கிற இடத்துல 11 சுற்றுலாப் பயணிகள் செத்துப் போனாங்க. ரெண்டு பக்கமும் வளைஞ்சு வளைஞ்சு போற பாறைச் சுவர், ஆள் நுழையற அகலத்துக்கு ஒரு சந்து, பார்க்க அவ்வளவு அழகு, போட்டோல நீங்களே பார்த்திருப்பீங்க. அந்தச் சந்தை உருவாக்குனதே இந்த மாதிரி வெள்ளம் தான். அவங்க நின்ன இடத்துல சொல்லிக்கிற மாதிரி மழையே இல்லை, பல கிலோமீட்டர் தள்ளி பெய்ஞ்ச மழை தான் அவங்களைத் தேடி வந்துச்சு.

அதுக்கு முன்னாடி 1976 ஜூலை 31, அதே அமெரிக்காவுல கொலராடோ மாநிலத்துல பிக் தாம்சன் பள்ளத்தாக்கு. விடுமுறை வாரக்கடைசி, பள்ளத்தாக்கு முழுக்க கூட்டம். மேல் பக்கம் ஒரே இடத்துல இடிமழை நகராம நின்னு நாலஞ்சு மணி நேரத்துல சுமார் 300 மில்லிமீட்டர் கொட்டிடுச்சு. 140 பேருக்கு மேல செத்தாங்க. பல பேர் காரை எடுத்துக்கிட்டு அதே பள்ளத்தாக்கு ரோட்டுல தப்பிக்கப் பார்த்தவங்க, தண்ணிக்கும் அது தான் ரோடு. காரை விட்டுட்டு பக்கத்துச் சரிவுல ஏறினவங்க பிழைச்சாங்க. அதுக்கப்புறம் அந்த மாநிலத்து மலை ரோடுகள்ல போர்டு வெச்சாங்க, வெள்ளம் வந்தா மேல ஏறித் தப்பிச்சுக்கோங்கன்னு. எங்க அண்ணனுக்கு அந்தப் போர்டு பத்தியெல்லாம் எதுவும் தெரியாது, இருந்தாலும் அன்னைக்கு அவன் வாயில "ஓடுங்க"ன்னு வராம "ஏறுங்க"ன்னு வந்துச்சு, எனக்கு இன்னைக்கும் அதை நினைச்சா உடம்பு சிலிர்க்குது.

கார் விஷயத்தை விட முடியாது, ஏன்னா வீட்டுல எத்தனை தடவை சொன்னாலும் ஏறாத விஷயம் இது. வேகமா ஓடுற தண்ணி 15 சென்டிமீட்டர் இருந்தாலே பெரிய ஆளையே சாய்ச்சிடும். 30 சென்டிமீட்டர் இருந்தா பெரும்பாலான சின்ன கார்கள் நகர ஆரம்பிச்சுடும், 60 இருந்தா பெரிய வண்டிகளே போயிடும். நம்ப முடியலைல்ல? எனக்கும் முதல்ல நம்ப முடியலை. கார் கனமான பொருள்னு நாம நினைக்கிறோம், தண்ணியைப் பொறுத்தவரைக்கும் அது உள்ள காத்து அடைச்ச ஒரு டப்பா. தண்ணியோட வேகம் ரெண்டு மடங்கு ஆனா தள்ளுற விசை நாலு மடங்கு. இதுல தண்ணிக்கு அடியில ரோடு இருக்கா இல்லை அரிச்சுட்டுப் போயிடுச்சான்னு ஓட்டுறவருக்குத் தெரியவே தெரியாது. அமெரிக்காவுல வெள்ளத்துல மூழ்கி சாகறவங்கள்ல பாதிக்கு மேல வண்டியோட தண்ணிக்குள்ள போனவங்க. "நேத்து கூட இதே வழியா தானே போனேன்"ங்கிற நினைப்பு தான் உள்ள இழுக்குது.

2024 அக்டோபர் 29-ல ஸ்பெயின்ல வலென்சியா. துரீஸ்ங்கிற ஊர்ல ஒரே நாள்ல 770 மில்லிமீட்டருக்கு மேல மழை. ஆனா அதிகமா அடிபட்ட பைபோர்த்தா மாதிரி ஊர்கள்ல மழையே பெருசா இல்லை, மேல பெய்ஞ்ச தண்ணி வழக்கமா வறண்டு கிடக்குற ஒரு ஓடை வழியா வந்து ஊருக்குள்ள புகுந்துச்சு. வேலை முடிஞ்சு வீட்டுக்கு வந்துட்டு இருந்தவங்க, தரைக்குக் கீழ இருக்குற பார்க்கிங்ல இருந்து காரை வெளிய எடுக்கலாம்னு இறங்கினவங்க. 220 பேருக்கு மேல இறந்தாங்க. அந்த நாட்டு வானிலை மையம் காலையில 8 மணிக்கு முன்னாடியே சிவப்பு எச்சரிக்கை குடுத்தாச்சு. மக்களோட போன்ல அவசர அலாரம் அடிச்சது ராத்திரி 8:11-க்கு. அதுக்குள்ள பல பேர் தண்ணிக்குள்ள இருந்தாங்க. கணிச்சவங்க கையில இருந்த தகவல் அந்தத் தெருவுல நின்னவங்க கைக்கு வர 12 மணி நேரம், இதை எப்ப படிச்சாலும் எனக்கு வயித்தைப் பிசையும்.

இப்போ கடலுக்கு வர்றேன். கடல்லயும் இதே கதை தான், இன்னும் மோசமா. ஓடை வெள்ளம் சில கிலோமீட்டர் தள்ளி பெய்ஞ்ச மழையால வருது, அலை சில ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி அடிச்ச காத்தால வருது.

காத்து ஒரு பெரிய பரப்புல நாள்கணக்கா பலமா அடிச்சா நீளமான அலைகள் உருவாகும். ஒரு அலை முகட்டுக்கும் அடுத்த முகட்டுக்கும் 16 நொடி இடைவெளின்னா, ஆழ்கடல்ல அந்த அலையோட நீளம் சுமார் 400 மீட்டர், வேகம் மணிக்கு 90 கிலோமீட்டர். கூட்டமா நகரும்போது அந்த ஆற்றல் பாதி வேகத்துல போகும், ஒரு நாளைக்கு ஆயிரம் கிலோமீட்டர்னு வெச்சுக்கலாம். நடுக்கடல்ல கப்பல்ல இருக்குறவருக்கு அது மெதுவா ஏறி இறங்குற ஒரு ஊஞ்சல் மாதிரி தான் இருக்கும். கரை கிட்ட ஆழம் குறையக் குறைய அது வேகம் குறைஞ்சு உயர்ந்து நிமிர்ந்து உடையும். வால்டர் மங்க்ங்கிற கடலியல் விஞ்ஞானி 1963-ல தன் குழுவோட பசிபிக் முழுக்க அளவீட்டு நிலையம் வெச்சுப் பார்த்தார், அன்டார்டிகா பக்கம் புயல்ல பிறந்த அலை 10,000 கிலோமீட்டருக்கு மேல பயணம் பண்ணி அலாஸ்கா வரைக்கும் போச்சு. புயல் எப்பவோ அடங்கிடும், அது கிளப்பி விட்ட அலை மட்டும் பல நாள் கழிச்சு வேற ஒரு கண்டத்துல, வேற ஒரு பருவத்துல, வெயில் காயுற ஒரு கடற்கரையில வந்து மோதும்.

இதுக்கு மீனவர்கள் வெச்ச பேர் தான் கள்ளக்கடல். திருடன் மாதிரி சத்தமில்லாம வர்ற கடல். காத்து இல்லை, மேகம் இல்லை, கடல் மட்டும் திடீர்னு பொங்கி உள்ள ஏறும். கேரளக் கரையில புழங்குற அந்த வார்த்தையையே 2012-ல யுனெஸ்கோ அறிவியல் சொல்லா ஏத்துக்கிச்சு. தெற்கு இந்தியப் பெருங்கடல்ல பிறக்குற அலை அது, சில நாள் பயணம் பண்ணித் தான் வரும், அதனால முன்கூட்டியே கணிக்கவும் முடியும், இன்காய்ஸ்ங்கிற கடல் தகவல் மையம் எச்சரிக்கையும் குடுக்குது. 2024 மே 6-ல கன்னியாகுமரி மாவட்டத்துல ஒரு கடற்கரையில மருத்துவம் படிச்ச 5 பிள்ளைகளை அலை இழுத்துட்டுப் போச்சு. அந்த நாளுக்கும் எச்சரிக்கை இருந்துச்சு. படிச்ச பிள்ளைங்களுக்குத் தெரியாதான்னு அப்ப பல பேர் கேட்டாங்க, எனக்கு அந்தக் கேள்வி பிடிக்கலை. வெயில் அடிக்குது, கடல் நீலமா இருக்கு, எது ஆபத்துன்னு கண்ணு காட்டவே இல்லையே, அந்தப் பிள்ளைங்க எதை வெச்சுத் தெரிஞ்சுக்கணும்?

2009 ஆகஸ்ட்ல பில்ங்கிற புயல் அமெரிக்கக் கரைக்கு வராம கடல்லயே போயிட்டு இருந்துச்சு. பெரிய அலையைப் பார்க்கணும்னு மெய்ன் மாநிலத்து அகேடியா தேசியப் பூங்காவுல பாறைகள் மேல ஜனங்க கூடினாங்க. ஒரு அலை ஏறி வந்து பல பேரை அடிச்சுத் தள்ளுச்சு, 7 வயசுப் பொண்ணு ஒன்னு போயிடுச்சு. கடல்ல இறங்கவே இல்லை அந்தக் குழந்தை, கரையில நின்னுட்டு இருந்துச்சு.

எச்சரிக்கையில "அலைகள் 3 மீட்டர் வரை எழும்பக்கூடும்"னு போட்டிருந்தா அதை எப்படிப் படிக்கணும்னு யாரும் சொல்லித் தர்றதில்லை. அலை உயரம்னு அவங்க பெரும்பாலும் சொல்றது, அந்த நேரத்துல வர்ற அலைகள்ல பெரிய மூணுல ஒரு பங்கோட சராசரி. அப்போ அதை விடப் பெரிய அலையும் அதே கூட்டத்துல இருக்கும், எப்பவாவது ஒன்னு கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு கூட வரும். உயரம் ரெண்டு மடங்குன்னா ஆற்றல் நாலு மடங்கு. அலைகள் ஒரே சீரா வர்றதும் இல்லை, பத்து நிமிஷம் சாதுவா இருக்கும், அப்புறம் நாலஞ்சு பெருசு வரிசையா வரும். அந்த சாதுவான பத்து நிமிஷத்துல போய் நின்னு பார்த்துட்டு "ஒன்னும் இல்லை"ன்னு முடிவு பண்றவங்க தான் மாட்டுறாங்க.

நான் கண்ணால பார்த்த ஒன்னு சொல்றேன். ஒரு குடும்பம், கடலுக்கு முதுகைக் காட்டி வரிசையா நின்னு போட்டோ எடுத்துட்டு இருந்தாங்க. அதுவரைக்கும் அலை அவங்க செருப்பைக் கூட தொடலை. அப்புறம் வந்த ஒரு அலை முழங்கால் வரைக்கும் ஏறுச்சு, சிரிச்சாங்க. ஏறுன தண்ணி திரும்பும்போது தான் விஷயம். காலுக்கு அடியில மணல் உருவுது, குதிகால் குழிக்குள்ள இறங்குது, அந்த அம்மா பின்பக்கமா சாய்ஞ்சு உக்காந்துட்டாங்க, உக்காந்த வாக்குலயே சரிவுல கீழ வழுக்குறாங்க, எதிர்ல அடுத்த அலை நிமிர்ந்துட்டு இருக்கு. ரெண்டு பேர் கையைப் பிடிச்சு இழுத்தாங்க, அந்த அம்மாவோட புடவை ஈரமாகி கல்லு கட்டின மாதிரி கனம், ரெண்டு பேர் சேர்ந்தும் நகர்த்த முடியலை. எப்படியோ அந்த அலை அவங்களை மேல தள்ளிவிட்டுச்சு, பிழைச்சாங்க. எல்லாம் பத்து நொடிக்குள்ள.

இழுப்பு பத்தியும் சொல்லிடுறேன், ரிப் கரண்ட்ங்கிறது. கரைக்கு வந்து குவியற தண்ணி எங்கயாவது ஒரு வழியா திரும்பிப் போகணும்ல, அந்த வழி தான் அது. நுரை அடிக்குற அலைகளுக்கு நடுவுல ஒரு இடம் மட்டும் அமைதியா, கொஞ்சம் கருப்பா தெரியும், குழந்தையோட போறவங்க சரியா அந்த இடத்தைத் தான் தேர்ந்தெடுப்பாங்க. வேகம் அதிகபட்சமா நொடிக்கு 2.4 மீட்டர் வரைக்கும் போகும், ஒலிம்பிக்ல நீந்துறவராலயே எதிர்த்து வர முடியாது. அது ஆளை அடியில இழுக்காது, வெளிய தான் இழுக்கும். எதிர்த்து நீந்தி மூச்சு முட்டித் தான் சாகுறாங்க. மாட்டினா மல்லாந்து மிதந்து கையை ஆட்டுங்க, முடிஞ்சா கரைக்கு இணையா பக்கவாட்டுல நீந்தி அதுல இருந்து வெளிய வாங்க. காப்பாத்தப் போறேன்னு வெறுங்கையோட குதிக்காதீங்க, மிதக்குற எதையாவது தூக்கிப் போடுங்க, ஒருத்தரைக் காப்பாத்தப் போய் மூணு பேர் போன குடும்பம் எனக்குத் தெரியும், அதுக்கு மேல அதைப் பத்தி எழுத முடியலை.

மழை எச்சரிக்கை, அலை எச்சரிக்கை ரெண்டும் ஒரே நாள்ல வந்தா நிலைமை வேற. ஆத்துத் தண்ணி கடலுக்குள்ள இறங்கணும், ஆனா பொங்கி நிக்குற கடல் முகத்துவாரத்துல அதை உள்ள விடாது. அப்போ கரைக்குப் பக்கத்துல இருக்குற தாழ்வான இடங்கள்ல வெள்ளம் வடியவே வடியாது, மழை நின்னு பல மணி நேரம் கழிச்சும் ஏறும். மழை விட்டுடுச்சுன்னு மாடியில இருந்து கீழ இறங்குறவங்க இதைக் கொஞ்சம் யோசிக்கணும்.

"ரெட் அலர்ட் குடுத்தாங்க, ஒரு தூறல் கூட இல்லை"ன்னு சொல்றவங்க கோபம் எனக்குப் புரியுது. கடையை மூடினவருக்கு, வலையைச் சுருட்டி வெச்சவருக்கு அது ஒரு நாள் வருமானம். ஆனா மஞ்சள்னா கவனிச்சுட்டே இரு, ஆரஞ்சுன்னா தயாரா இரு, சிவப்புன்னா உடனே செயல்படு, நிறம் நமக்கு சொல்றது என்ன பண்ணணும்னு, உன் வீட்டு வாசல்ல இவ்வளவு பெய்யும்னு இல்லை. மேகம் 20 கிலோமீட்டர் தள்ளிக் கொட்டினா எச்சரிக்கை பொய்யாயிடாது.

இந்தச் சண்டை புதுசும் இல்லை. ராபர்ட் ஃபிட்ஸ்ராய்னு ஒருத்தர், டார்வின் பயணம் பண்ணின பீகிள் கப்பலோட கேப்டன். 1859-ல ராயல் சார்ட்டர்ங்கிற கப்பல் புயல்ல உடைஞ்சு 400 பேருக்கு மேல செத்தப்போ, இதை முன்கூட்டியே சொல்லியிருக்க முடியுமேன்னு அவர் தந்தி மூலமா தகவல் சேர்த்து 1861-ல பிரிட்டன் துறைமுகங்களுக்குப் புயல் எச்சரிக்கை அனுப்ப ஆரம்பிச்சார், கம்பத்துல கூம்பு ஏத்துவாங்க, பார்த்தா கப்பல் கிளம்பாது. தப்பாப் போன கணிப்புகளைக் காட்டி அவரைக் கடுமையா விமர்சனம் பண்ணினாங்க, 1865-ல அவர் தன் உயிரைத் தானே மாய்ச்சுக்கிட்டார். அடுத்த வருஷம் எச்சரிக்கையையே நிறுத்தினாங்க. கடலோரத்துல இருந்தவங்க எங்களுக்கு அது வேணும்னு கேட்டதால 1867-ல திரும்பவும் கூம்பு ஏறுச்சு. கணிப்பு தப்பாகும்னு தெரிஞ்சே தான் கேட்டாங்க.

எனக்கு ஒரு ஆதங்கம் உண்டு. "ஏற்பட வாய்ப்பு உள்ளது"ன்னு முடியற வாக்கியத்தைக் கேட்டா யாரும் எழுந்திருக்க மாட்டாங்க. "மேல மழை பெய்ஞ்சுட்டு இருக்கு, ஓடையில நிக்குறவங்க இப்பவே வெளிய வந்து மேட்டுல ஏறுங்க, 6 மணி வரைக்கும் இறங்காதீங்க"ன்னு அன்னைக்கு அந்த மெசேஜ்ல இருந்திருந்தா நான் போனை பைக்குள்ள போட்டிருக்க மாட்டேன், மாமாவும் வானத்தைப் பார்த்திருக்க மாட்டார். எங்க, எப்போ, என்ன பண்ணணும், இந்த மூணும் பேசுற தமிழ்ல இருக்கணும். ராத்திரியில இன்னும் முக்கியம். 2025 ஜூலை 4 விடியறதுக்கு முன்னாடி டெக்சாஸ்ல குவாடலூப் ஆறு 45 நிமிஷத்துல சுமார் 8 மீட்டர் ஏறுச்சு, ஆத்தங்கரை முகாம்ல தூங்கிட்டு இருந்த குழந்தைகளையும் சேர்த்து அந்த வெள்ளத்துல 130 பேருக்கு மேல போனாங்க. திடீர் வெள்ள எச்சரிக்கை ஒன்னேகால் மணிக்கே வெளியாயிடுச்சு. அந்த நேரத்துல யார் முழிச்சிருப்பாங்க?

போன மாசம் ராத்திரி ஒன்னரைக்கு என் புது போன் அலறுச்சு. சைலன்ட்ல போட்டிருந்தாலும் அவசர எச்சரிக்கை அலாரம் மட்டும் அடிக்கிற மாதிரி செட்டிங்ல மாத்தி வெச்சிருக்கேன். எழுந்து பையனை எழுப்பி, அன்னைக்கு அக்கா குடும்பம் எங்ககூட தான் இருந்துச்சு, எல்லாரும் டார்ச்சோட மாடிக்குப் போய் உக்காந்தோம். காத்து இல்லை, வானத்துல நட்சத்திரம் தெரிஞ்சுச்சு. மாமா அண்ணாந்து பார்த்தார், ஒன்னும் சொல்லலை, பையனுக்குப் போர்வையை இழுத்து விட்டார். விடியற வரைக்கும் தண்ணி வரலை. அஞ்சரைக்கு இறங்கி வந்து எல்லாரும் படுத்துத் தூங்கினோம்.